குழல்வாயில் இறுகியது

துவக்கின் வாயில் இது எப்படி இறுகினது என்று கேட்டீங்கள். சொல்கிறேன் அண்ணா. ஆனால் அந்த இரும்புக் குறட்டைக் கொஞ்சம் மெதுவாகப் பிடியுங்கோ, மாமாவின் வேட்டைத் துவக்கு அது. இப்ப உங்களுடைய துவக்குத் திருத்துகிற கடைக்கு வந்து லைசென்ஸ் காட்டி, குழலைத் தந்து, கையெழுத்தும் வைத்துவிட்டுப் போனாரே, அவர்தான் என்னுடைய மாமா. குகதாசன். அம்மாவின் தம்பி. பாண் சுடுகிற பேக்டரியில் இரவு வேலை முடிந்து நேரே வந்தவர், வெளியே காருக்குள் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். "நீ நில்லு சாரு. என்ன நடந்தது எண்டு அவர் கேட்பார். நீயே விளங்கப்படுத்து" என்று சொல்லிவிட்டுப் போனார். நித்திரை வந்தால் இப்படித்தான், எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிடுவார்.

நான் சாருஜன். பதினோராம் வகுப்பு. நீங்கள் சற்று முன் போனில் கதைத்ததை நான் கேட்டுக்கொண்டு நின்றேன். "ம்ம்... இருக்கும்... இல்லாமலும் இருக்கும்... வந்து பாருங்கோவன்." சரியாக வந்ததோ? மூக்கால் கொஞ்சம், கடைசிச் சொல்லை இழுத்து. பார்த்தீங்களே, சிரிக்கிறீங்கள். கோபிக்காதேங்கோ, எனக்கு அது கை அரிக்கிற மாதிரி. ஆராவது கதைத்தால் என் தொண்டை தானாக அந்த வடிவத்துக்கு வந்துவிடும். எங்கள் பள்ளிக்கூடத்து அதிபரின் குரலில் ஒலிபெருக்கியில் ஒருநாள் எல்லோரையும் மதியமே வீட்டுக்குப் போகச் சொன்னது நான்தான். கோயிலில் அன்னதானம் ரெண்டாம் பந்தி தொடங்கிவிட்டது என்று ஐயரின் குரலில் அறிவித்ததும் நான்தான். பூசை முடியுமுன்னமே சனம் எழும்பி ஓடின ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

அதெல்லாம் பகிடி. பகிடியில் ஆருக்கும் காயம் வருகிறதில்லை.

சரி, குழல் விசயத்துக்கு வருகிறேன். போன வருசம் மாமா இந்தத் துவக்கைப் பழசாக வாங்கினார். தாறா வாத்துச் சுடுகிறவன் வைத்திருந்த துவக்கு. நீட்டுக் குழல், உள்ளே வழுவழுப்பு, வாயை ஒடுக்கத் திருகிப் பூட்டுகிற வளையம், சோக், மூன்று. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் மாமாவுக்கு அது பெரிய குழப்பமாகிவிட்டது. மான் வேட்டைக்குப் போகிற இடத்தில் ரைபிள் கூடாது, இந்த மாதிரித் துவக்கும் ஒற்றைக் குண்டும் மட்டும்தான். அப்ப ஒற்றைக் குண்டுக்கு எது நல்லது? உள்ளே புரி வெட்டின கட்டைக் குழல், வரிக்குழல் என்பார்கள், ஒன்று புதிதாக வாங்கி, பிளாஸ்ரிக் உறை போட்ட விலை கூடின குண்டைப் போடுவதா? இல்லை, கையில் இருக்கிற வழுவழுப்புக் குழலிலேயே வாய் அகண்ட சோக்கைப் பூட்டி, வெறும் ஈயக் குண்டைப் போடுவதா?

ஐப்பசி மாதம் முழுக்க இதே கதை. குசினி மேசையில் அளவு நாடா, குழல், சோக் மூன்றும் தேத்தண்ணிக் கோப்பைகளுக்கு நடுவில். "வரிக்குழல் எண்டால் தூரம் போகும், சாரு. ஆனால் எங்கட இடம் பத்தைக் காடு. தூரத்துக்கு அங்க என்ன வேலை? எண்டாலும்..." அந்த 'எண்டாலும்' வந்தால் திரும்ப முதலில் இருந்து தொடங்குவார். கலியாணத்துக்கு இதில் பாதி யோசித்திருந்தால் எனக்கு ஒரு மாமி இருந்திருப்பா. ஆள் தனிக்கட்டை. அம்மாவும் நானும் அவருடைய வீட்டில் மேல்மாடியில், அவர் கீழே. வருசத்தில் ஒரு கிழமைதான் அவருக்குச் சந்தோசம், அந்த மான் வேட்டைக் கிழமை. ஊரில் ஒட்டுசுட்டான் பக்கத்து ஆட்கள் ஆறு பேர். ஒன்றாகப் போய், ஒன்றாகச் சமைத்து, காடு, குளம், பழைய நாய்களின் பெயர் எல்லாம் கதைத்து... மற்ற நாளெல்லாம் பாண், நித்திரை, பாண்.

அந்த ஆறு பேருக்கும் தலைவர் பூலோகசிங்கம் அங்கிள். மாமா அவரைப் பூலோகம் அண்ணை என்பார். அந்த ஆளின் குரல் இருக்கே அண்ணா, எனக்குக் கிடைத்த குரல்களில் அதுதான் முதலாந்தரம். நெஞ்சுக்குள் சரல் கொட்டினமாதிரி. முதலில் ஒரு இருமல். பிறகு, "கேளும்." பிறகு ஒரு மூச்சு. கேளும் என்றால் கேட்டே ஆகவேண்டும். ஏனென்றால் அவர்களுக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. வேட்டை விசயத்தில் மூத்த வெடிக்காரன் ஒன்று சொன்னால் திருப்பிக் கேட்கக் கூடாது. 'என்ன அண்ணை?' என்று கேட்டால் அந்தச் சத்தத்தில் மிருகம் ஓடிவிடும் என்று காட்டுக்குள் தொடங்கின பழக்கமாம். இப்ப கனடாவில், ஸ்காபரோவில், ரெலிபோனில், மிருகமே இல்லாத இடத்திலும் கேட்கமாட்டார்கள். திருப்பிக் கேட்டால் வெடி குறி பிழைக்கும் என்று மாமா சொல்லுவார்.

மாமா அவரிடம் கேட்டிருந்தார், வரிக்குழல் வாங்கட்டோ, உள்ளதோடு சமாளிக்கட்டோ என்று. "யோசிச்சுச் சொல்லுறன்" என்றிருக்கிறார். அதைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அரிக்கத் தொடங்கிவிட்டது. அரிக்காதோ? நீங்களே சொல்லுங்கோ.

மேலே என்னுடைய அறையில் இருந்து, நம்பரை மறைத்து, மாமாவுக்கு எடுத்தேன். இருமினேன்.

"கேளும் குகன். வரிக்குழல் வேண்டாம். காசைக் கரியாக்காதையும். உம்மட குழலே காணும். ஆனால் குண்டு மட்டும் அந்தப் பிளாஸ்ரிக் உறை போட்டதை வாங்கும். சோக்கில ஆக இறுக்கமானதைப் பூட்டும். வாய் ஒடுங்கினால்தான் குண்டு நேர போகும்."

"ஓம் அண்ணை" என்றார் மாமா. அவ்வளவுதான். ஓம் அண்ணை.

உங்களுடைய முகம் மாறுது. எனக்குத் தெரியும், எனக்கு அப்பவும் தெரியும். எல்லா வீடியோவும் பார்த்தவன் நான். உறை போட்ட குண்டுக்குப் புரிக்குழல் வேண்டும், சுழற்றிவிட. வழுவழுப்புக் குழலில் அது சுழலாது, குட்டிக்கரணம் அடித்துக்கொண்டு போகும். ஒடுங்கின சோக்கும் சேர்ந்தால் இன்னும் மோசம். ரெண்டு சரியான கலியாணத்தை எடுத்து மாப்பிள்ளைகளை மாற்றி இருத்தினமாதிரி ஒரு வேலை. அதுதான் பகிடியே! என் கணக்கு என்னவென்றால், வேட்டைக்கு முதல் கிழமை எல்லோரும் சுட்டுப் பழகுகிற இடத்துக்குப் போவார்கள். மாமா சுடுவார். கடதாசியில் குண்டு பக்கவாட்டாக விழுந்து சாவித்துவாரம் மாதிரி ஒரு ஓட்டை வரும். பூலோகம் அங்கிள் "ஆர் இப்பிடிச் சொன்னது?" என்பார், மாமா "நீங்கள்தானே அண்ணை!" என்பார், ரெண்டு பேரும் முழிப்பார்கள், அப்ப நான் பின்னால் நின்று இருமி, "கேளும்" என்பேன். எவ்வளவு வடிவான திட்டம்!

மாமா பழகப் போகவே இல்லை.

"ஏன் மாமா?" என்று கேட்டேன். "பூலோகம் அண்ணை சொன்ன பிறகு சுட்டுப் பார்க்கிறது அவரைச் சோதிக்கிற மாதிரி, சாரு" என்றார். சட்டமாம்.

சொல்லியிருக்கலாம். ஓம். சொல்லியிருக்கலாம்தான். வேட்டைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போன காருக்குள் சொல்ல நினைத்தேன், முன் சீற்றில் பூலோகம் அங்கிள் இருந்து குறட்டை விட்டார். தேத்தண்ணிக் கடையில் சொல்ல நினைத்தேன், மாமா எனக்கு ரெண்டு டோனற் வாங்கித் தந்து, "இண்டைக்கு என்ர வெடியைப் பார்" என்றார். வாயில் டோனற்றோடு எப்படிச் சொல்லுகிறது? பிறகு பத்தைக்குள் போனோம். அங்கே கதைக்கவே கூடாது. செம்மஞ்சள் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு மாமாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். அவருடைய முகத்தைப் பார்க்கவேணும் நீங்கள். அந்த மனிசனை நான் அவ்வளவு சந்தோசமாகக் கண்டதில்லை.

மான் வந்தது. இளம் பெட்டை. ஓடையைத் தாண்டி வந்து பக்கவாட்டாக நின்றது. மிதிவெடிக்கு நடுவில் நடந்து பழகின மனிசன் மாமா, கை ஆடவில்லை. வைத்தார் வெடி.

பின்னங்கால். தொடைக்குக் கீழே தொங்கிக்கொண்டு... அது மூன்று காலில் ஓடினது. விழுந்து, எழும்பி, ஓடினது. ஒரு சத்தம் போட்டது. மான் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது அண்ணா. எல்லாச் சத்தமும் எனக்கு வரும். அதை மட்டும் நான் செய்து பார்த்ததில்லை.

அது வேலி பாய்ந்து பக்கத்துக் காணிக்குள் போய்விட்டது. இவர்கள் போகிற காணி ஹென்றிக் என்ற கிழவருடையது. வருசா வருசம் ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸ் குடுத்து அனுமதி வாங்கின இடம். பக்கத்துக் காணிக்காரன் வேறு ஆள். அவனுடைய கோதுமை வயலெல்லாம் இரத்தம். அவனிடம் போய்க் கெஞ்சி உள்ளே போய், பொழுதுபடுகிற நேரம் பூலோகம் அங்கிள்தான் தன்னுடைய துவக்கால் அதற்கு முடிவு குடுத்தார். ஹென்றிக் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, "இன்னொரு தரம் இப்படி நடந்தால் உங்களுடைய ரோல்ஸும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்" என்றார். அந்தக் குரலையும் நான் செய்வேன். இப்ப வேண்டாம்.

பிறகுதான் பெரிய கூத்து. எல்லோரும் வண்டியடியில் நிற்கிறோம். பூலோகம் அங்கிள் மாமாவின் துவக்கை வாங்கி, வெறுமையாக்கி, வாயைத் தடவிப் பார்த்தார். சோக்கைத் திருகிப் பார்த்தார். அசையவில்லை. வெற்றுத் தோட்டாவை மணந்து பார்த்தார். இருமினார்.

"கேளும் குகன். ஆர் உமக்கு இதைப் பூட்டச் சொன்னது?"

மாமா அவருடைய முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வை... மாமாவுக்கு என்னவாக இருந்திருக்கும் சொல்லுங்கோ. சொன்னவரே வந்து நின்று, ஆர் சொன்னது என்று கேட்கிறார், அத்தனை பேருக்கு முன்னால். மாமா தொப்பியைக் கழற்றினார். பிறகு மெல்ல, "எனக்கு நம்பிக்கையான ஒருத்தர்" என்றார்.

"அவன் ஒரு விசரனாத்தான் இருக்கோணும்" என்றார் பூலோகம் அங்கிள். "வீட்டில அளவா ஒரு சோக்கை வச்சுக்கொண்டு, விசரன் சொன்னான் எண்டு இதைப் பூட்டுவினமோ? பேரைச் சொல்லும்."

மாமா சொல்லவில்லை. நான் எங்கே நின்றேனோ? பின்னால். என் பூட்ஸில் இருந்து சேறு தட்டிக்கொண்டு நின்றேன். இருமவில்லை.

இறைச்சி பங்கு போட்டார்கள். ஆர் சுட்டது, ஆர் தவறவிட்டது என்று பார்க்கிறதில்லை, எல்லோருக்கும் சமபங்கு. மாமாவுக்கும் ஒரு பை கட்டி வைத்தார் பூலோகம் அங்கிள். மாமா அதை எடுக்கவில்லை. பங்கை எடுக்காமல் போகிறவன் அடுத்த வேட்டைக்கு வரமாட்டன் என்று சொல்லுகிறானாம். அதுவும் சட்டம். திரும்பி வருகிற வழி முழுக்கப் பூலோகம் அங்கிள் குறட்டைகூட விடவில்லை.

என்ன சொன்னீங்கள்? குழல்வாய் வீங்கியிருக்குதோ?

இன்னும் ரெண்டு மூன்று வெடி வைத்திருந்தால் பிளந்திருக்குமோ?

இல்லை, வீடியோவில் அப்படி... சில வீடியோவில் சொன்னார்கள்தான். நான் அந்த இடத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்திருப்பேன். நான் அவருக்குப் பக்கத்தில்தான் குந்தியிருந்தேன் அண்ணா. இடது பக்கம். அவருடைய முகம் இந்த இடத்தில் இருந்தது.

கொஞ்சம் தண்ணி இருக்குமோ?

...சரி. நான் ஒன்றும் செய்யாமல் இருந்தேன் என்று நினைக்கவேண்டாம். திருத்தினேன். நானே திருத்தினேன். அந்த மாரிக் குளிர் முழுக்க மாமா ரீவியைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டு அதற்கு முன்னால் இருப்பார். துவக்கை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினவர் தொடவே இல்லை. பூலோகம் அங்கிள் வருகிற கலியாணம், செத்தவீடு ஒன்றுக்கும் போகமாட்டார். அப்ப நான் யோசித்தேன், பூலோகம் அங்கிள் மன்னிப்புக் கேட்டால் எல்லாம் சரிவரும். அவர் கேட்கமாட்டார், அவருக்கு என்ன தெரியும்? ஆகவே அவருக்காக நான் கேட்டேன்.

"கேளும் குகன். நான் அண்டைக்குச் சொன்னது பிழை. அத்தனை பேருக்கு முன்னால மறுத்ததும் பிழை. மனசில வச்சிருக்காதையும்."

மாமா அழுதார் அண்ணா. எங்கள் வீட்டு நிலம் பலகைதானே, அவர் கீழே கதைப்பது எனக்குப் போனிலும் கேட்கும், காலுக்குக் கீழாலும் கேட்கும், ரெண்டு தரம். ரெண்டு தரமும் அழுதார். "பிழை சொன்னது எனக்குப் பெரிசில்லை அண்ணை. என்ர மருமகனுக்கு முன்னால நான் ஒரு மிருகத்தைச் சித்திரவதை செய்தவனாப் போனன். அதுதான்" என்றார். நான் அப்படி நினைக்கவில்லை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் நான் அப்ப பூலோகம் அங்கிள். இருமினேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த ஞாயிறு மாமா போனைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறதைக் கண்டேன். பாவமாக இருந்தது. எடுத்தேன். பிறகு ஒவ்வொரு ஞாயிறும். ஊர்க்கதை, வேலைக்கதை, முழங்கால் நோ. மனிசன் திரும்பச் சிரிக்கத் தொடங்கிவிட்டார். நான் என்ன கெட்டதா செய்தேன்? பெற்ற பிள்ளைகூட ஒரு மனிசனோடு கிழமைக்கு ஒரு மணித்தியாலம் கதைக்காது.

ஆனால் மாமாவுக்கு வயது போகிறது அண்ணா, அதுதான் கவலை. கதைக்கும்போது ஆளையே மறந்துவிடுவார். ஒருநாள், "அண்ணை, மேல குளிர் எண்டால் ஹீற்றரைக் கூட்டுங்கோ" என்கிறார். பூலோகம் அங்கிளின் வீட்டில் மாடியே இல்லை! இன்னொரு நாள், "அண்ணை, நாளைக்குக் கணக்குச் சோதினை எல்லோ, வெள்ளெனப் படுங்கோ" என்கிறார். அறுபத்தைந்து வயது மனிசனுக்கு என்ன கணக்குச் சோதினை? நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமிச் சமாளித்தேன். இன்னொரு நாள் திடீரென்று, "அண்ணை, அந்தச் சோக் விசயம் ஆர் செய்தது எண்டு எனக்குத் தெரியும். ஆனால் நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். அவராச் சொல்லுமட்டும் கேட்கவும் மாட்டன்" என்றார். பூலோகம் அங்கிளோடு கதைத்துக்கொண்டு பூலோகம் அங்கிளைப் பற்றியே 'அவர்' என்றால்...

ஏன் அண்ணா குறட்டைக் கீழே வைத்துவிட்டீங்கள்?

ஏன் அப்படிப் பார்க்கிறீங்கள்?

பொறுங்கோ, கதையை முடிக்கிறேன். இண்டைக்குப் பின்னேரம் பூலோகம் அங்கிள் இந்த வருசத்து ஆறு பேரின் பெயரையும் ஹென்றிக்கிடம் குடுக்கிறார். பெயர் இல்லாதவனுக்கு இனி அந்தக் காணி இல்லை. அதனால் போன கிழமை நான் மாமாவின் குரலில் பூலோகம் அங்கிளுக்கு எடுத்தேன். ஓம், மற்றப் பக்கமும். "அண்ணை, என்ர பெயரையும் போடுங்கோ" என்றேன். அவர் நெடுநேரம் இருமினார். அது மெய்யான இருமல். "கேளும் குகன். பெயர் போடுறன். ஆனால் அண்டைக்கு உமக்கு அதைச் சொன்னது ஆர் எண்டு சொல்லும். விசரன்ர சொல்லைக் கேட்டு, அவனை ஒளிச்சும் வச்சிருக்கிற ஒருத்தனை நான் துவக்கோட மற்ற ஆக்களுக்குப் பின்னால நடக்க விடேலாது" என்றார். போனை வைத்துவிட்டேன்.

அதில் மாமாவின் பிழைதான் கூட. சொல்லவேண்டியதுதானே அவருக்கு நேரே, "நீங்கள்தான் சொன்னீங்கள்" என்று? இவ்வளவு நாளாகப் பூலோகம் அங்கிள் எத்தனை ஆட்களிடம் சொல்லி அனுப்பிவிட்டார், பேரைச் சொன்னால் வரட்டும் என்று. மாமா ஒவ்வொரு தரமும், "பேர் ஒண்டும் இல்லை, நான்தான் பிழையாப் பூட்டினனான்" என்றே திருப்பி அனுப்புகிறார். பூலோகம் அண்ணையே வாராவாரம் போனில் கதைக்கிறார் என்று நம்புகிற மனிசன், அவர் ஏன் ஆட்களிடம் சொல்லி அனுப்புகிறார் என்று ஒரு நாளாவது...

ஒரு நாளாவது...

பலகை நிலம்.

அண்ணா, எனக்குக் கீழே இருந்து கேட்கும் என்றால் அவருக்கும் மேலே இருந்து கேட்குமோ?

இல்லை, சொல்லவேண்டாம். சொல்லவேண்டாம்.

காலமை என்னை எழுப்பினது அவர்தான். "வா சாரு, துவக்கைக் கொண்டுபோவம். என்ன நடந்தது எண்டு அவர் கேட்பார். நீயே சொல்லு." நித்திரை என்று நினைத்தேன். இங்கே இருந்து பாருங்கோ, அந்தக் கார். கண்ணை மூடவில்லை. இந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறார். அவர் என்னுடைய பேரைச் சொல்லியிருந்தால் போதும். எத்தனையோ தரம் கேட்டார்கள்.

உங்களுடைய மேசையில் போனை வைக்கட்டோ? பூலோகம் அங்கிளுக்கு எடுத்து ஸ்பீக்கரில் போடுகிறேன். தனியாகக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டாம், நில்லுங்கோ, காணும்.

"கேளும், ஆர் கதைக்கிறது?"

"அங்கிள், நான் சாருஜன். குகன் மாமாவின் மருமகன்."

"ஓ. மாமனுக்கு ஏதும் சுகமில்லையோ?"

"இல்லை அங்கிள், சுகம். அந்தச் சோக்கைப் பூட்டச் சொன்னது நான். அந்தக் குண்டை வாங்கச் சொன்னதும் நான்."

"நல்ல பிள்ளை. மாமனுக்காகப் பழியைத் தூக்கிறீர். ஆனால் உம்மட சொல்லைக் கேட்டு குகன் துவக்கில கை வைப்பானோ? நாப்பது வருசமா அவன் என்ர சொல்லைத் தவிர வேற ஆரின்ர சொல்லையும் கேட்டதில்லை. எனக்கு அதுதான் தம்பி வயித்தெரிச்சல். என்னை விட்டிட்டு ஆரிட்டப் போய்க் கேட்டவன்?"

"உங்களிட்டத்தான் கேட்டவர்."

"நான் சொல்ல முன்னம் அவன் பூட்டிப்போட்டான். விடும். நல்லாப் படியும். வைக்கிறன்."

"அங்கிள், வைக்காதேங்கோ! நான்... நான் சொன்னமாதிரியே சொல்லிக் காட்டுறன். கோபிக்காதேங்கோ. ...க்ஹும். கேளும் குகன். வரிக்குழல் வேண்டாம். காசைக் கரியாக்காதையும். உம்மட குழலே காணும். சோக்கில ஆக இறுக்கமானதைப் பூட்டும். வாய் ஒடுங்கினால்தான் குண்டு நேர போகும்."

...

இருக்கிறார். வைக்கவில்லை. மூச்சுக் கேட்குது.

"என்ர குரல் இவ்வளவு கிழண்டுபோச்சோ?"

"இல்லை அங்கிள்."

"அதைக் கேட்டிட்டு அவன் என்ன சொன்னவன்?"

"ஓம் அண்ணை எண்டவர்."

"அப்ப அண்டைக்கு வண்டியடியில அவன் என்ர முகத்தைப் பார்த்தது... ஐயோ. ஆர் சொன்னது எண்டு நான் அவனையே கேட்டு... விசரன் எண்டு வேற..."

"அங்கிள், நான்..."

"கதைக்காதையும். உம்மட குரலையும் கேக்க விருப்பமில்லை, என்ர குரலையும் கேக்க விருப்பமில்லை. குகன்ர பெயர் இருக்குது. வரச் சொல்லும். நீர் அந்தக் காணிக்குள்ள கால் வைக்கக் கூடாது."

"ஓம் அங்கிள்."

வைத்துவிட்டார்.

பங்கு கிடைத்துவிட்டது அண்ணா, மாமாவுக்கு. எனக்கு இனி இல்லை. அது சரிதான். அது... சரிதான். உங்களுடைய தண்ணிக்கு நன்றி. ஐயோ, வருகிறார். கதவடியில் வந்துவிட்டார். நீங்கள் குழலைப் பாருங்கோ, என்னைப் பார்க்காதேங்கோ.

"என்ன சாரு, அவர் கேட்டவரோ?"

"கேட்டவர் மாமா."

"நீ சொன்னியோ?"

"சொன்னனான். பூலோகம் அங்கிளுக்கும் சொன்னனான். இப்ப. என்ர குரலில."

"..."

"உங்களை வரட்டாம். பெயர் இருக்குதாம்."

"அண்ணையோ சொன்னவர்? மெய்யாவோ? எப்பிடிச் சொன்னவர், சாரு? அவர் சொன்னமாதிரி ஒருக்காச் சொல்லிக் காட்டன்."

"மாட்டன் மாமா. இந்தாங்கோ போன். நீங்களே எடுத்துத் திருப்பிக் கேளுங்கோ."